அடையாளமில்லாத வண்டி



நான் வாலாஜாபேட்டைக்காரன். பல ஆண்டுகள் மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இரண்டு. ஒன்று, பொதுச் சாலையில் இளைஞர்கள் நடத்தும் மோட்டார் சைக்கிள் பந்தயம். மற்றொன்று, அவர்களைப் பிடிப்பதற்காகக் காவல் துறையினர் அடையாளமில்லாத சாதாரண வண்டிகளில் வருவார்கள் என்னும் எண்ணம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிக்கொண்டன என்பதை, நான் செய்த ஒரு பிழையின் வாயிலாகவே அறிந்தேன். அந்தப் பிழையை மறைக்காமல் சொல்வதற்காகவே இந்தச் சில நிமிடங்களைக் கேட்டுப் பெற்றேன்.

வேகத்தைப் பற்றிப் பேச எங்கள் ஊருக்கு ஓர் உரிமை உண்டு. 1856ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் எங்கள் வாலாஜா ரோடு. அதுவரை மாட்டு வண்டியில் நாட்கணக்கில் வந்த வழியை மக்கள் சில மணி நேரத்தில் கடந்தார்கள். ஆகவே வேகம் தீயது என்று சொல்ல எங்கள் ஊரார் ஒருவருக்கும் வாய் வராது. ஆனால் அந்த இரயிலுக்குத் தனியாக ஒரு பாதை இருந்தது. அந்தப் பாதையில் மனிதர் நடக்கவில்லை, மாடு மேயவில்லை, கடக்க வேண்டிய இடத்தில் கேட் போட்டுக் காவலுக்கு ஓர் ஆளும் வைத்தார்கள். வேகத்துக்கு ஏற்ற பாதையை முதலில் அமைத்தார்கள். பிறகே வேகத்தை ஓடவிட்டார்கள். இந்த முறையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று எங்கள் ஊரை ஒட்டிச் செல்லும் பெரும்பாதை சென்னை–பெங்களூர் தேசிய நெடுஞ்சாலை. ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரத்தின் புறவெளி, தாமல், காவேரிப்பாக்கம், வாலாஜாபேட்டை, இராணிப்பேட்டை, ஆர்க்காடு, இரத்தினகிரி, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று அது நீண்டு செல்கிறது. அகன்ற சாலை, நடுவே தடுப்பு, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை நேரான ஓட்டம். இதைப் பார்க்கும் இளைஞன் ஒருவனுக்கு இது பந்தயத்துக்கென்றே போட்ட சாலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயினும் இச்சாலையில் யார் யார் வருகிறார்கள் என்பதை ஒரு விடியற்காலையில் நின்று பார்க்க வேண்டும். பச்சைத்தோல் ஏற்றிய லாரி தோல் பதனிடும் தொழிற்சாலையை நோக்கிப் போகும். காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்கள், முதல் ஷிப்டுக்கான பஸ்ஸை எதிர்பார்த்து, தூக்குச் சட்டியோடு சாலையோரத்தில் நிற்பார்கள். சைக்கிளின் இருபுறமும் பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் நடுத்தடுப்பின் இடைவெளியில் குறுக்கே வருவார். காய்கறி மூட்டையோடு ஒரு கிழவி கடப்பாள். இவர்களுக்கென்று வேறு சாலை கிடையாது. இவர்களும் வரி கொடுத்தவர்கள்தாம்.

இந்த மக்களுக்கு நடுவேதான் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் நடக்கிறது. இரண்டு பேர், மூன்று பேர், சில வேளை பத்துப் பேர். ஒரு டீக்கடையிலிருந்து தொடங்கி மற்றொரு டீக்கடையில் முடிப்பார்கள். பரிசு பெரும்பாலும் பணமன்று. நண்பர்களின் கைதட்டலும், கைப்பேசியில் எடுத்த படமுந்தான். எத்தனையோ பேர் ஒன்றும் நேராமல் வீடு திரும்பியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. அதனாலேதான் எச்சரிப்பவர்களின் சொல் எடுபடாமல் போகிறது. நூறு முறை தப்பியவனுக்கு நூற்றோராம் முறையும் தப்புவோம் என்றே தோன்றும்.

சில எண்களைச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது. நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல் ஆகிறது. அவர்களுள் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். இறப்புகளில் நூற்றுக்கு 71 மிகுவேகத்தால் நேர்ந்தவை. அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுக்குள் முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். இத்தகைய முதலிடத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை.

இனி வகுப்பறைக் கணக்கு ஒன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறான். 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் 33 மீட்டர் கடக்கிறான். எதிரே ஒருவர் குறுக்கிடுவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும் என்று கொள்ளுங்கள். பிரேக் நன்றாகப் பிடித்து, ஒவ்வொரு நொடியிலும் வேகத்தை நொடிக்கு 7 மீட்டர் அளவு குறைக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவன் ஏறக்குறைய 37 மீட்டரில் நின்றுவிடுவான். இரண்டாமவன் நிற்பதற்கு 113 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தொலைவு நான்கு மடங்காகும் என்பது நீங்கள் தேர்வில் எழுதும் விடைதான்.

ஆனால் அந்த விடைக்குள் மறைந்திருக்கும் செய்தி வேறு. முதலாமவன் முழுவதும் நின்றுவிட்ட அந்த 37ஆவது மீட்டரில் இரண்டாமவனுடைய வேகம் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 117 கிலோமீட்டர்! அவன் பிரேக் பிடித்தும், பிடிக்காதவனைப் போலவே அந்த இடத்தைக் கடக்கிறான். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்; 120 கிலோமீட்டரில் மோதுவது 57 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இது தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். எங்கள் ஊரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ அரைமணிப் பயணத்தில் தாமல் என்ற ஊர் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், மோட்டார் சைக்கிள் பயணங்களைப் படமெடுத்து யூடியூபில் வெளியிட்டுப் பல இலட்சம் இளைஞர்களின் பற்றைப் பெற்ற ஒருவர், அவ்விடத்தில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று தூக்கியெறியப்பட்டார். கை எலும்பு முறிந்தது. விலையுயர்ந்த காப்புடையும் தலைக்கவசமும் அணிந்திருந்ததால் உயிர் பிழைத்தார். காவல் துறையினர் அவரைக் கைது செய்தனர். அக்டோபர் மாதத் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் மறுத்தது; பின்னர் நவம்பரில் ஜாமீன் கிடைத்தது. அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் போக்குவரத்து அதிகாரிகள் பத்தாண்டுகளுக்கு முடக்கினார்கள். அவ்வளவு பழக்கமுள்ளவருக்கே இந்த நிலை நேர்ந்தது. அவரைப் பார்த்துப் பழகும் சிறுவர்களிடம் அந்தக் காப்புடைகூட இல்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் படித்த பையன்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் ஓட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரிய வந்தது. அறிவுரை சொன்னேன், பயனில்லை. மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டினேன், குறிப்பெடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அச்சமூட்டினாலன்றி அடங்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அயல்நாடுகளில் போலீஸார் சாதாரணக் கார்களில் சாலையில் உலவி மிகுவேகக்காரர்களைப் பிடிக்கும் வழக்கத்தைப் பற்றிப் படித்திருந்தேன். அதை நம் ஊருக்கு ஏற்றிவிட்டேன். "பையன்களே, காக்கிச்சட்டை தெரிந்தால்தான் போலீஸ் என்று நினைக்காதீர்கள். இப்போது வெள்ளைக் காரில், மஃப்டியில் பின்னாலேயே வருகிறார்கள். பிடித்தால் உங்கள் படிப்பும் போச்சு, வேலையும் போச்சு" என்று சொன்னேன். எனக்கு உறுதியாகத் தெரியாத ஒன்றை உறுதிபோலச் சொன்னேன். வகுப்பு அமைதியானது. என் உபாயம் பலித்ததென்று மகிழ்ந்தேன்.

அடுத்த ஆண்டு அவர்களில் ஒருவன் கல்லூரியில் சேர்ந்தான். அவன் தந்தையார் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். மகன் கல்லூரிக்குப் போய்வரத் தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மூன்று வண்டிகள் சுங்கச்சாவடியைக் கடந்து மேற்கே பறந்தன. சிறிது நேரத்தில் பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்தது. முன்விளக்கை மீண்டும் மீண்டும் மின்னியது, ஹாரன் ஒலித்தது. "போலீஸ்!" என்று ஒருவன் கத்தினான். இருவர் பக்கச் சாலையில் இறங்கி ஒதுங்கினார்கள். இவன் மட்டும் தப்பிவிடலாம் என்று முறுக்கினான். எவ்வளவு வேகம் என்று அவனுக்கே தெரியாது. முள்ளைப் பார்க்கவில்லை, பின்னால் வரும் விளக்கைத்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றான்.

அவன் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தபோது முன்னால் ஒரு பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடுத்தடுப்பின் இடைவெளியிலிருந்து வெளிப்பட்டார்.

அந்த வெள்ளைக் காரில் போலீஸார் எவரும் இல்லை. நெஞ்சுவலி வந்த ஒரு முதியவரை வேலூருக்கு எடுத்துச் சென்றுகொண்டிருந்த குடும்பத்தார் அவர்கள். வழிவிடச் சொல்லி விளக்கை மின்னினார்கள். யாரிடமிருந்து அவன் தப்பி ஓடினானோ அவர்களே காரை நிறுத்தினார்கள். நோயாளியின் மகன் இறங்கி, தன் மேல்துண்டால் பையனின் தொடையை இறுகக் கட்டினார். மருமகள் 108க்குத் தொலைபேசி செய்தாள். ஆம்புலன்ஸ் வரும் ஒலி கேட்ட பிறகே அவர்கள் புறப்பட்டார்கள். முதியவர் பிழைத்தார் என்று பின்னால் அறிந்தேன். பிழைக்காமற் போயிருந்தால் அந்தச் சாவையும் யார் கணக்கில் எழுதுவது?

பையனுக்கு வலக்கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. பால்காரருக்குத் தோள் எலும்பு நொறுங்கியது. எலும்பு கூடிய பிறகும் அவரால் கேனைத் தூக்க முடியவில்லை. சில மாதங்களில் இரண்டு கறவை மாடுகளையும் விற்றுவிட்டார். பந்தயத்தில் கலந்துகொள்ளாத ஒருவர் பந்தயத்தில் தோற்றார்.

மருத்துவமனையில் நான் பையனைப் பார்க்கச் சென்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அவனே பேசினான். "சார், போலீஸ்காரங்க வெள்ளைக் கார்ல வருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. தெரிந்துகொள்ளக் கேட்டான். அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

வண்டியை முறுக்கியது அவன் கைதான். அந்தப் பொறுப்பை அவன் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் அந்தக் கைக்கு அச்சத்தைக் கற்பித்தவன் நான். அச்சம் அவனை நிறுத்தவில்லை, ஓட்டியது. நெஞ்சில் அச்சம் மட்டும் இருப்பவன், கண் இல்லாத இடத்தில் துணிவான். கண் இருப்பதாக நினைத்த இடத்தில் ஓடுவான். இரண்டிடத்திலும் அவன் நல்ல ஓட்டுநன் ஆவதில்லை.

அதன் பிறகே இந்த அடையாளமில்லாத வண்டியைப் பற்றிச் சட்டங்கள் என்ன சொல்கின்றன என்று தேடிப் படித்தேன். வகுப்பில் சொல்வதற்கு முன்பே படித்திருக்க வேண்டியவை அவை.

பிரிட்டனில் போலீஸார் பெருஞ்சாலைகளில் சாதாரணத் தோற்றமுள்ள கார்களைப் பயன்படுத்துவது உண்டு. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. அடையாளமுள்ள போலீஸ் வண்டியைக் கண்டதும் எல்லாரும் சாதுவாகிவிடுகிறார்கள். அது கண்ணுக்கு மறைந்ததும் பழைய குருடி கதவைத் திறக்கிறாள். உள்ளபடி ஓட்டுபவன் எப்படி ஓட்டுகிறான் என்று அறியக் கண் மறைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனினும் அதே நாட்டின் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், சீருடை அணிந்த காவலர் நிறுத்தச் சொன்னால் ஓட்டுபவர் நிறுத்தியாக வேண்டும் என்று விதிக்கிறது. வண்டி சாதாரணமாக இருக்கலாம். கை காட்டுபவர் சீருடையில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இன்னும் ஒரு படி செல்கிறது. போக்குவரத்துச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதையே முதன்மைப் பணியாகக் கொண்டு சாலையில் நிற்கும் அதிகாரி முழுச் சீருடையில் இருக்க வேண்டும். அவருடைய வண்டிக்குத் தனி நிறம் பூசியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒகையோ மாநிலச் சட்டமும் அத்தகைய வண்டிக்குத் தனி அடையாளமும், கூரைமேல் மின்னும் வண்ண விளக்கும் வேண்டும் என்கிறது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? காவலரைப் போல நடிப்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். வேலியே பயிரை மேய்வதும் உண்டு. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இலண்டன் மாநகரில், பணிநேரத்தில் இல்லாத ஒரு போலீஸ்காரர் தம் அடையாள அட்டையைக் காட்டி, வாடகைக்கு எடுத்த ஒரு சாதாரணக் காரில் ஓர் இளம்பெண்ணை ஏற்றிச் சென்று கொலை செய்தார். வாழ்நாள் முழுவதற்கும் சிறைத்தண்டனை பெற்றார். அதன் பின்னர், தனியாக வரும் சாதாரண உடைக் காவலரை நம்புவதா என்ற கேள்வி அந்நாட்டுப் பெண்கள் நெஞ்சில் எழுந்தது. சீருடை என்பது வெறும் துணியன்று. அதை அணிந்தவர் யார், யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை ஊரறியச் சொல்லும் கையெழுத்து அது.

நம் நாட்டுச் சட்டம் இதை மறக்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, சீருடையில் உள்ள காவல் அதிகாரி கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. 132ஆம் பிரிவு, சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத, சீருடை அணிந்த அதிகாரி நிறுத்தச் சொன்னால் வண்டியை நிறுத்த வேண்டும் என்கிறது. இரண்டிலும் சீருடை என்ற சொல் இருக்கிறது. வேகத்தை அளக்கும் காமிராக்களைப் பற்றி 2021இல் வந்த விதியிலும், இந்தச் சாலைப்பகுதி கண்காணிக்கப்படுகிறது என்னும் எச்சரிக்கைப் பலகையை மக்கள் பார்வைக்கு முன்னதாகவே வைக்க வேண்டும் என்று கண்டிருக்கிறது. பிடிப்பதைவிடத் தடுப்பதே நோக்கம் என்பது இதனால் விளங்கவில்லையா?

என் முடிவு இது. பார்க்கும் கண் மறைந்திருக்கலாம். நிறுத்தும் கை வெளிப்படையாக இருக்க வேண்டும். சாதாரண வண்டியிலிருந்து பார்ப்பவர் எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும், மறுநாள் வீட்டு வாசலுக்குச் சீருடையில் வரட்டும். பதிவெண் இருக்கும்போது விரட்டுவதற்கு என்ன தேவை? விரட்டினால், ஓடுகிறவனும் விரட்டுகிறவரும் சேர்ந்து இரண்டு பேர் ஓட்டும் பந்தயமாக அது மாறிவிடும். அதற்கும் குறுக்கே வருபவர் அதே பால்காரர்தான்.

மாணவர்களே, உங்களுக்குப் பயன்படும் ஒன்றிரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். இரவில் அறியாத கார் ஒன்று உங்களை நிறுத்தச் சொன்னால் தப்பி ஓடாதீர்கள். வேகத்தைக் குறையுங்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள ஒரு பெட்ரோல் பங்கிலோ, சுங்கச்சாவடியிலோ நிறுத்துங்கள். சீருடையைப் பாருங்கள், ஐயம் இருந்தால் 100 அல்லது 112 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். குற்றமற்றவன் அப்படிச் செய்வதில் இழிவில்லை. குற்றம் செய்தவனுக்கும் அதுவே நன்மை. அபராதத்தைக் கட்டிவிடலாம், காலைக் கட்ட முடியாது.

சட்டத்தின் கடுமையையும் அறிந்துகொள்ளுங்கள். மாநில அரசின் எழுத்து மூலமான இசைவு இல்லாமல் பொது இடத்தில் மோட்டார் வண்டிப் பந்தயம் நடத்துவதும் அதில் கலந்துகொள்வதும் 189ஆம் பிரிவின்படி குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், அவனுடைய பெற்றோரோ வண்டியின் உடைமையாளரோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அடைய நேரும். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு இரத்தாகும். பையனுக்கு இருபத்தைந்து வயது வரை பழகுநர் உரிமம் கிடைக்காது. மகனின் ஒரு நிமிட மகிழ்ச்சிக்குத் தந்தை நீதிமன்றப் படி ஏறுவதா?

அப்படியானால் வேகத்தை விரும்பும் இளைஞன் என்ன செய்வது? அந்த விருப்பம் இயற்கையானது. அதற்கும் வழி உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்தில் அமைத்துப் பின் கைவிட்ட விமான ஓடுதளம் ஒன்றில் பல்லாண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. பிற்காலத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமைந்தது. அஃது இருப்பதும் எங்கள் ஊர் வழியாகச் செல்லும் இதே நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான். கோயம்புத்தூரிலும் ஒரு பாதை உண்டு. அந்நகரத்தவரான நாராயண் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

தெருவில் பந்தயமே கூடாதா என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர் முதல் நாளிலும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய தெருக்களில் ஃபார்முலா ஃபோர் கார்ப் பந்தயம் இரவு விளக்கொளியில் நடந்தது. ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர்ப் பாதை. அரசே முன்னின்று நடத்தியது. அந்தத் தெருவைப் பொதுமக்களுக்கு அடைத்தார்கள், தடுப்பு வைத்தார்கள், மருத்துவரும் தீயணைப்பாளரும் காத்திருந்தார்கள். 1856இல் இரயிலுக்குச் செய்ததையே 2024இல் காருக்கும் செய்தார்கள்: முதலில் பாதை, பிறகு வேகம். ஓட்டியவர்கள் தங்கள் உயிரை மட்டுமே பணயம் வைத்தார்கள். குறுக்கே பால்காரர் வர இடமில்லை. விளையாட்டுக்கும் குற்றத்துக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

விபத்தைக் கண்டால் நிற்க அஞ்சாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். நல்லெண்ணத்தோடு உதவி செய்பவரை வழக்கில் மாட்டிவிடாமல் காக்க 134-அ என்னும் பிரிவு 2019 முதல் சட்டத்தில் இருக்கிறது. விபத்துக்குள்ளானவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க 2021இல் தமிழ்நாடு அரசு ஒரு திட்டம் தொடங்கியது. எங்கள் வாலாஜாபேட்டையில் மாவட்டத் தலைமை மருத்துவமனை உண்டு. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 2022இல் இராணிப்பேட்டை அருகே திறந்த வளாகத்திலும் விபத்துச் சிகிச்சைப் பிரிவு உண்டு. ஆனால் எந்த மருத்துவமனையும் போன காலைத் திருப்பித் தருவதில்லை.

அந்தப் பையன் இன்று செயற்கைக் காலோடு நடக்கிறான். படிப்பை முடித்து, ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறான். சம்பளம் வாங்கத் தொடங்கியது முதல் மாதந்தோறும் பால்காரர் வீட்டுக்கு ஒரு தொகை கொண்டுபோய்க் கொடுத்துவருகிறான். முதலில் வாங்க மறுத்தவர், இப்போது அவனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்புகிறாராம்.

நான் ஓய்வு பெறுமுன் கடைசி ஆண்டில் அவனை என் வகுப்புக்கு அழைத்தேன். முதலில் நான் எழுந்து, சில ஆண்டுகளுக்கு முன் இதே வகுப்பில் உண்மை தெரியாமல் ஒன்றைச் சொன்னேன் என்று மாணவர்களிடம் ஒப்புக்கொண்டேன். பிறகு அவன் எழுந்தான். நீண்ட நேரம் பேசவில்லை. "பின்னால வர்றது யாருன்னு பார்க்காதீங்க, முன்னால போறது யாருன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அவன் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.